புரிஞ்சுதா? புரிஞ்சுது மிஸ்!

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர் ஆவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுவேன். பி.எஸ்சி. கணிதம், பி.எட்., அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு என்கிற டெட். நான் எழுதிய காலத்தில் இதற்கு மேல் வெயிட்டேஜ் என்று ஒன்று இருந்தது, பழைய மதிப்பெண்களையும் சேர்த்து நூற்றுக்குப் போடும் கணக்கு. டெட் மதிப்பெண்ணுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. பதினேழு வயதில் வேதியியலில் கோட்டை விட்டது, கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு நிற்கும்போது வேலைக்குக் குறுக்கே வந்து நிற்கும். 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறரை லட்சம் பேர் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் மறுதேர்வு வைத்தபோது மூன்று மணி நேரமாக்கினார்கள். அதற்கு அடுத்த வருடத் தேர்வில் தேறி, 2014ல் பணி ஆணை வாங்கியவள் நான்.

டெட் இரண்டாம் தாளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பற்றியவை. அதற்காக நாங்கள் படித்தது, கற்றல் எப்படி நடக்கிறது என்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்த ஒரு மிருகக்காட்சி சாலையை. பாவ்லவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோலரின் மனிதக் குரங்கு. எது என்ன செய்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கோலரின் குரங்குக்கு சுல்தான் என்று பெயர். இரண்டு குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, எட்டாத பழத்தை இழுத்தது.) சத்துணவு சாப்பிட்டுவிட்டு ஐந்தாவது பீரியடில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் இல்லை.

பி.எட்.டில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் உருவாக்கிய பயிற்சி. பாடத்தை ஐந்து பத்து நிமிடத்துக்குச் சுருக்கி, ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்திக் காட்ட வேண்டும். பாடத்தைத் தொடங்கும் திறன், கேள்வி கேட்கும் திறன், கரும்பலகையில் எழுதும் திறன் என்று ஒரு பட்டியல். ஸ்டான்ஃபோர்டில் நிஜ மாணவர்கள் நாலைந்து பேரை உட்கார வைத்தார்கள். நம் ஊரில் கூடப் படிப்பவர்களே பிள்ளைகளாக நடிப்பார்கள். வீட்டில் எல்.கே.ஜி. படிக்கும் மகனை விட்டுவிட்டுப் பட்டுப்புடவையில் வந்த என் தோழி, “மிஸ் மிஸ், நான் சொல்றேன் மிஸ்” என்று எம்பி எம்பிக் கை தூக்குவாள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் எனக்கு வசதி என்று அவளுக்குத் தெரியும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, நான் எத்தனை தடவை இடம் மாறி நின்றேன், குரலை ஏற்றி இறக்கினேன், கையை அசைத்தேன் என்று டிக் அடித்துக்கொண்டிருப்பார்.

அது வீண் என்று சொல்ல மாட்டேன். வரி சாயாமல் போர்டில் எழுதுவதும், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியே நிற்காமல் இருப்பதும் அங்கே கற்றவைதான். ஆனால் அந்தத் தாளில் இருந்த கட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதற்கானவை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதற்குக் கட்டம் இல்லை. நிஜத்தில் ஒரு வகுப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை முடிவு செய்வது அந்த இல்லாத கட்டம்தான் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பள்ளி ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. பெற்றோரில் பாதிப் பேருக்குக் காய்கறி வெள்ளாமை. மீதிப் பேர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள், தரம் பிரிக்கிறார்கள், நூல் மில்லுக்கு வேன் ஏறுகிறார்கள். பிள்ளைகள் மரியாதையானவர்கள். வகுப்புக்குள் நுழைந்தால் “வணக்கம் மிஸ்” என்று ஓட்டுக்கூரை அதிரும். பாடம் நடத்தினாலும் அதே சத்தம்தான்.

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியில் படித்தவருக்கும் இந்தப் பாட்டு தெரிந்திருக்கும். “முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றி எண்...” என்று ஆசிரியர் இழுத்து நிறுத்துவார். “பது!” என்று வகுப்பே முடித்து வைக்கும். “சதுரத்தின் பரப்பு பக்கத்தின் வர்...” “க்கம்!” கடைசியில் “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது மிஸ்!”

இந்தக் கோரஸுக்கு ஒரு குணம் உண்டு. ஆறு பேர் சொன்னால் போதும், வகுப்பு முழுக்கச் சொன்ன மாதிரி கேட்கும். அந்த ஆறு பேரைத் தொட்டு மற்றவர்கள் அரை விநாடி பிந்திச் சேர்ந்துகொள்வார்கள். சிலர் வாயை மட்டும் அசைப்பார்கள். நடத்துகிறவருக்கு வகுப்பே தன்னோடு வருகிற மாதிரி இருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே, “நாற்கரத்தின் நான்கு கோணங்களின் கூடுதல் நூற்றி எண்...” என்று இழுத்தேன்.

“பது!”

ஓட்டுக்கூரை அதிர்ந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 360 என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

கோரஸை மொத்தமாகத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வாய்ப்பாடு அப்படித்தான் மனதில் ஏறுகிறது. தனியாக எழுந்து நின்றால் தொண்டை அடைத்துப் போகிற பிள்ளை, கூட்டத்தோடு சேர்ந்தாவது குரல் எழுப்புகிறது. அதற்கு அது ஒரு நிழல். கோரஸை வைத்து, பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டுவதில்தான் வில்லங்கம்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஓர் அறிவியல் கல்வி ஆய்வாளர் இருந்தார். வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்டதற்கும் அடுத்து வாயைத் திறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் இருந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள், வேறு பிள்ளையிடம் போவார்கள், இல்லாவிட்டால் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளின் பதில்கள் பல மடங்கு நீண்டன. பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 1970களில் வெளியான ஆய்வு இது. ஒரு பயிற்சி வகுப்பில் யாரோ போகிறபோக்கில் சொன்னதைக் கேட்டு, பிறகு தேடிப் படித்தேன்.

மூன்று விநாடி என்றால் சாதாரணமாகத் தோன்றும். வகுப்பில் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். முதல் விநாடியில் அந்த ஆறு கைகள் மேலே போகும். இரண்டாவதில் “மிஸ் மிஸ்” என்று சத்தம் வரும். மூன்றாவதில், நாம் ஏதோ மறந்துவிட்டோம் என்று நினைத்துச் சிலர் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து எச்.எம். வராந்தாவில் போவார். டீச்சர் சும்மா நிற்கிறார், பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகவா இருக்கும்? நான் சாக்பீஸை எடுத்து மெதுவாகத் துடைக்கக் கற்றுக்கொண்டேன். சாக்பீஸைத் துடைக்க ஒரு தேவையும் இல்லை, ஆனால் கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும்.

ரோ இன்னொரு காத்திருப்பையும் சொல்கிறார். அது பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு வருவது. எனக்கு இதுதான் பெரும்பாடாக இருந்தது. சரியான பதில் வந்ததும் “வெரி குட்” என்பது அனிச்சையாக வந்துவிடும். அந்த வார்த்தை விழுந்ததும் வகுப்பில் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள், விடை கிடைத்துவிட்டதே! தப்பான பதிலுக்கு என் புருவம் லேசாக ஏறும், அதைப் பார்த்து அந்தப் பிள்ளை பதிலை மாற்றும். பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைவிட என் முகத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். ஆகவே சரிக்கும் தப்புக்கும் ஒரே முகம், ஒரே “ம்ம், வேற யாராவது?” என்று பழகினேன்.

“சதுரத்தோட பக்கத்தை ரெண்டு மடங்காக்கினா பரப்பு எத்தனை மடங்காகும்?” என்று கேட்டிருந்தேன். ஒருவன் “ரெண்டு” என்றான். ம்ம், வேற யாராவது? சாக்பீஸ். இன்னும் இரண்டு பேர் “ரெண்டு” என்றார்கள். சாக்பீஸ். நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல், “நாலு... வருமா மிஸ்?” என்றது. எப்படி என்று மட்டும் கேட்டேன். “கீழ டைல்ஸ் ஒண்ணு இருக்குல்ல மிஸ், அதைப் பெருசாக்கணும்னா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, மூலைல ஒண்ணு. இல்லாட்டி மூலை காலியா இருக்கும்.” முதலில் ரெண்டு என்றவன் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அப்போ மூணு மடங்குன்னா ஒம்போது” என்றான். நான் அவனிடம் கேட்கவே இல்லை.

வாயே திறக்காத பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வற்புறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுக்காகக் கால் தாள் கொடுத்து, இன்று புரியாத இடத்தை எழுதச் சொன்னேன். “எல்லாம் புரிந்தது மிஸ், நன்றி” என்று அழகான கையெழுத்தில் கட்டுக்கட்டாக வந்தது. கோரஸ் தாளுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். கேள்வியை மாற்றினேன். போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, “இது பக்கத்து ஸ்கூல் பையன் போட்டது, எங்க தப்புன்னு எழுதுங்க” என்றேன். (a+b)² என்பது a²+b² என்று போட்டிருந்தேன். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கிற உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா! அதுவரை என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண் ஒருத்தி, “a=1, b=1 போட்டுப் பார்த்தால் 4 வரணும், இவனுக்கு 2தான் வருது. இவன் பரீட்சைக்கு முன்னாடி சரி பார்க்க மாட்டானா?” என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்து ஸ்கூல் பையன் இன்றுவரை என் வகுப்பில் படிக்கிறான். எல்லாத் தப்பும் அவன் கணக்கில்தான்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. பையனுக்குப் பாடத்தில் ஈடுபாடே இல்லை என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்வதில் பாதி, பாடம் அவனுக்கு எட்டவில்லை என்பதுதான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காமல் அனுப்புகிறோம். அது சரியான ஏற்பாடுதான், பிள்ளை பள்ளியை விட்டு நின்றுபோவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 403லிருந்து 178ஐக் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுகிற பிள்ளையும், என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறி மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் கண மொழியில் (செட் தியரி) ஆரம்பிக்கும். கொரோனா மூடலுக்குப் பிறகு வந்த வகுப்புகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது. இங்கே சாக்பீஸ் துடைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. உட்கார்ந்து கழித்தல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்படிச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் அந்த மார்க்கெட் பையன் விஷயம் தெரியவந்தது. லீவு நாளில் அப்பாவோடு காய் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன். 24ஐ 17ஆல் பெருக்கச் சொன்னேன். ஏழால் பெருக்கி 168 என்று எழுதினான். அடுத்து ஒன்றால் பெருக்கி 24ஐ நேர் கீழே, இடம் தள்ளாமல் எழுதினான். கூட்டினான், 192. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் காட்டாமல், “சரி, முருங்கக்கா கிலோ இருபத்திநாலு ரூபா. பதினேழு கிலோ எவ்வளவு?” என்றேன்.

விட்டத்தைப் பார்த்தான். “பத்துக் கிலோ எரநூத்தி நாப்பது. அஞ்சு கிலோ நூத்தி இருவது. ரெண்டு கிலோ நாப்பத்தெட்டு. நானூத்தி எட்டு மிஸ்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான், “கமிஷன் போகவா, கமிஷனோடவா?”

நோட்டில் இருந்த 192ஐக் காட்டி, அப்போ இது என்ன என்றேன். “அது கணக்கு மிஸ்” என்றான், சங்கடமே இல்லாமல்.

இவன் ஒருவன் கதை இல்லை இது. பிரேசிலில் ரெசிஃபி நகரத்துத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை வைத்து நூன்ஸ் கராஹர், டேவிட் கராஹர், ஷ்லீமன் மூவரும் செய்த ஆய்வு 1985ல் வெளியானது. ஐந்தே பிள்ளைகள்தான், 9 முதல் 15 வயது வரை. வியாபாரத்தின் நடுவில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகப் போட்டார்கள். அதே மாதிரிக் கணக்கை உட்கார வைத்து வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் 74 சதவீதம். வெறும் எண்களாகக் கொடுத்தால் 37 சதவீதம். 2025ல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி எழுதியதும் இதே திசையில்தான் போகிறது. அதில் இன்னொரு பாதியும் இருந்தது. பள்ளிக்கு மட்டும் போகிற, சந்தைப் பக்கமே போகாத பிள்ளைகள் புத்தகக் கணக்கில் பரவாயில்லை, ஆனால் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்தப் பக்கத்துத் திறமை அந்தப் பக்கத்துக்குத் தானாகப் போவதில்லை.

சிலர் இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, அனுபவக் கல்விதான் நிஜம், பள்ளிக்கூடக் கணக்கு வெட்டி என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. முருங்கைக்காய்க்கு விலை சொல்கிற திறமை மட்டும் அவனை x(x+5) வரைக்கும் கூட்டிப்போகாது. அவன் வாயால் சொன்னதையே போர்டில் 24(10+5+2) என்று எழுதினேன். அடைப்புக்குறியைப் பார்த்ததும் அது தன்னுடையது இல்லை என்று நினைத்தான். நீ சொன்னதுதான்டா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். பிறகு 17ஐப் பத்தும் ஏழுமாகப் பிரித்தால் 240ம் 168ம் வருகிறதா, அந்த 240ஐத்தான் நீ 24 என்று எழுதிவிட்டாய் என்றதும், பக்கத்தில் இருந்தவள் “ஓ, அதுக்குத்தான் ரெண்டாவது வரில ஒரு இடம் தள்ளிப் போடுறதா?” என்றாள். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ தள்ளிப் போடக் கற்றவள். ஏன் என்று ஒன்பதாம் வகுப்பில் தெரிகிறது. பங்கீட்டுப் பண்பு என்று பேரைச் சொல்லிப் போர்டில் எழுதியது அதற்கும் பிறகுதான்.

பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்பீர்கள். இல்லைதான். 100 மதிப்பெண் தாள், 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் கேள்வி 14. கடைசியில் 43வது கேள்வி வடிவியல், 44வது கேள்வி வரைபடம், தலா 8. இந்த 16ஐயும் ஒரு மதிப்பெண் கேள்விகளையும் பிடித்தால் பையன் கரைக்குப் பக்கத்தில் வந்துவிடுவான் என்பது கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஜனவரி பிறந்துவிட்டால் காலையிலும் சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ். குறைந்தபட்சம் படிக்க வேண்டியதை மட்டும் தொகுத்த மெட்டீரியல், திருப்புதல் தேர்வு, வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, திரும்பத் திரும்ப அதுதான். கல்வி பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு இது பெரிய பாவம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. விட்டம் 6 சென்டிமீட்டரில் வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து இரண்டு தொடுகோடு வரைய வேண்டும். வருடம் முழுக்க நோட்டுத் திறக்காத ஒரு பையன் இதில் மாட்டிக்கொண்டான். அவன் அப்பா தச்சு வேலை செய்கிறவர். அளவு என்றால் அவனுக்கு அளவுதான். தொடுகோடு 7.4 வர வேண்டும். அவனுக்கு 7.4, பக்கத்தில் இருந்தவனுக்கு 7.2. பென்சில் மொக்கையாக இருக்கிறது என்று அவன் பென்சிலை வாங்கி இவனே சீவிக் கொடுத்தான். காம்பஸ் திருகு ஆடுகிறது என்று முறுக்கிக் கொடுத்தான். இரண்டு மூன்று நாள் இதே வேலை. பிறகு ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “ரெண்டு கோடும் ஒரே நீளமாவே வருதே மிஸ், எங்க புள்ளி வச்சாலும் வருமா?” என்றான்.

அந்த வருடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது. தேற்றமே அதுதான், புத்தகத்தில் நிரூபணத்தோடு இருக்கிறது. நான் நடத்தியும் இருக்கிறேன். அப்போது அவன் காதில் விழவில்லை. ஆர்வம் வந்தால் மார்க் தன்னால் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எட்டு மார்க் கைக்கு வந்த பிறகு ஆர்வம் வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், எங்கள் மாதிரிப் பள்ளிகளில் நிறையவே இருக்கிறார்கள். மனப்பாடப் பயிற்சி என்று திட்டுகிறவர்கள் இவர்களைப் பார்த்ததில்லை போலும்.

வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால் ஒரு வாசகம் கட்டாயம் வரும்: அன்றாட வாழ்க்கையோடு இணைத்து நடத்துங்கள். முருங்கைக்காய்க் கதை சொன்ன நானே இதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. இணைக்க வேண்டும் என்பதற்காக இணைத்தால் வருவது, தந்தையின் வயது மகனின் வயதின் வர்க்கத்துக்குச் சமம் என்கிற மாதிரிக் கணக்குகள். “எந்த அப்பா மிஸ் தன் வயசை இப்படிச் சொல்லுவாரு?” என்று ஒரு பெண் கேட்டாள், எனக்குப் பதில் இல்லை. மேலும், பதினான்கு வயதுப் பிள்ளைகள் எதற்கும் உதவாத விஷயத்தில் காட்டுகிற வெறியைப் பயிற்சி கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் யார் எந்த மேட்சில் எத்தனை ரன் என்பது எந்த வாழ்க்கைக்கு உதவுகிறது?

மெய்யெண்கள் பாடத்தில் சுழல் தசமம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒன்று 0.333... என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் சம்மதம். இரண்டு பக்கத்தையும் மூன்றால் பெருக்குங்கள் என்றேன். இடது பக்கம் 1. வலது பக்கம் 0.999...

கோரஸ் வரவில்லை.

“தப்பு மிஸ்” என்றது ஒரு குரல். சாக்பீஸைத் துடைத்தேன். “ஒண்ணை விடக் கொஞ்சூண்டு கம்மி அது.” எவ்வளவு கம்மி என்றேன். “கடைசில ஒரு ஒண்ணு மிச்சம் இருக்கும் மிஸ்.” பின்னாலிருந்து இன்னொருத்தி திரும்பினாள். “கடைசியே கிடையாதேடி, அப்புறம் எங்க மிச்சம்?” அதற்குப் பிறகு என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, x=0.999... என்றால் 10x=9.999..., கழித்தால் 9x=9, x=1 என்று போட்டுக் காட்டினேன். மிச்சம் கட்சிக்காரன் அதை வரி வரியாகச் சரிபார்த்தான். “கணக்கு சரிதான் மிஸ், மனசு ஒத்துக்கலை” என்றான். அப்படியானால் அந்த எண்ணுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வேறு ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டு வா என்றேன். பெல் அடித்தது. அடுத்தது பி.டி. பீரியட் என்பதால் முக்கால்வாசிப் பேர் ஒரே ஓட்டம்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் அந்த ‘கடைசியே கிடையாது’ பெண் என் மேஜைக்கு வந்தாள். அவள் வீட்டில் மளிகைக் கடை. கடைக் கால்குலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், முனைகளில் செலோடேப் ஒட்டியது. என் முன்னாலேயே 1ஐ 3ஆல் வகுத்து, வந்ததை 3ஆல் பெருக்கினாள். 0.9999999 என்று காட்டியது.

“அப்பா போன்ல இதையே போட்டா 1னு வருது மிஸ். எது தப்பு?”

அதற்குள் மிச்சம் கட்சிக்காரன் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, “நான்தான் சொன்னேன்ல!” என்று கத்தினான். கால்குலேட்டரில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்று எண்ணச் சொன்னேன். எட்டு. ஒன்பதாவது எங்கே போனது என்று யாரோ கேட்டார்கள், அது வெட்டிவிட்டது என்று வேறு யாரோ சொன்னார்கள், அப்போ போன் எத்தனையாவதில் வெட்டுகிறது என்று மூன்றாவது ஒருவர். அன்றைக்கு முறுடுகள் (√2 மாதிரி எண்கள்) பாடம் ஆரம்பிப்பதாக லெசன் பிளானில் எழுதி எச்.எம்.மிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அது அடுத்த நாளைக்குத் தள்ளிப்போயிற்று.